வலது கைக்கு எந்தப் பளபளப்பு தாங்கும்?

எதுவும் பூசாதது போலத் தெரிய வேண்டும். ஆனால் கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர் போல மின்னவும் வேண்டும். நகத்துக்கு இப்போது பலரும் கேட்பது இதைத்தான். கல்லூரிக் காலத்திலிருந்து மெரூனைத் தவிர வேறு நிறத்தைத் தொடாத என் அக்காவே போன மாதம் போனில், "போட்டிருக்கேன்னும் தெரியக்கூடாது, போடலைன்னும் தெரியக்கூடாது, அதுக்கு என்னடி வாங்கணும்?" என்று கேட்டாள். அவளுக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போய் இப்படி ஒரு கட்டுரையாக நிற்கிறது.

வீட்டிலேயே செய்துகொள்ள நான்கு வழிகள் உண்டு. பஃபரால் நகத்தையே தேய்த்து மெருகேற்றலாம். சாதாரண நெயில் பாலிஷில் ஊடே தெரியும் மெல்லிய நிறத்தைப் பூசலாம். யூவி விளக்கில் காட்டி இறுகவைக்கும் ஜெல் போடலாம். இல்லையென்றால் செய்து வைத்த நகத்தை வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் நன்றாகப் பட்டும் இருக்கிறேன், அது பின்னால் வருகிறது.

நான் பார்த்த வீடியோக்களில் யாரும் சொல்லாத ஒரு சங்கதி இருக்கிறது: நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். ஒரே நாளில், ஒரே பாட்டிலில் இருந்து இரண்டு கைக்கும் பூசுகிறேன். இடது கை ஒரு வாரம் கழித்தும் புதிதாக இருக்கிறது. வலது கை மூன்றாம் நாளே பழுத்த மாங்கொட்டை நிறம். மஞ்சளில் இருக்கும் குர்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். குழம்பில் எண்ணெயோடு கலந்து வந்து நகப்பூச்சின் மேல்படலத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். மெரூனில் அது தெரிய வாய்ப்பே இல்லை. ஊடே தெரியும் இளஞ்சிவப்பில் ஒளிந்துகொள்ள இடமில்லை. சாப்பிட்டவுடன் சோப்புப் போட்டுக் கழுவினால் காரத்தன்மை பட்டு அந்த மஞ்சள் ஒரு நிமிடம் செம்பழுப்பாக மாறிப் பயமுறுத்தும். ஒரே ஆறுதல், குர்குமின் வெளிச்சத்துக்குத் தாங்காது. மொட்டைமாடியில் துணி காயப்போடும் நேரம் வெயில் பட்டாலே கொஞ்சம் வெளுக்கும். அதனால் நான்கு வழிகளையும் எடைபோடும்போது, "எவ்வளவு நாள் தாங்கும்" என்று பெட்டியில் போட்டிருப்பதைவிட, "மீன் குழம்புக்குப் பிறகு எப்படி இருக்கும்" என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

பூசுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது எல்லா வழிக்கும் பொது. நகத்தைக் குட்டையாக, பத்தும் ஒரே வடிவமாக வெட்டி ஃபைல் போடுங்கள். மெல்லிய நிறத்தில் நுனியில் இருக்கும் தோசை மாவும் தெரியும், ஏறுக்கு மாறான வடிவமும் தெரியும். நகம் தொடங்கும் இடத்தில் படிந்திருக்கும் மெல்லிய செத்த தோலை, குளித்தவுடன் துண்டாலோ ஆரஞ்சுக் குச்சி எனப்படும் சின்ன மரக்குச்சியாலோ மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினால் போதும். வெட்டாதீர்கள். அதுதான் கிருமி உள்ளே போகாமல் காக்கும் அடைப்பு. அதை வெட்டிவிட்டுச் சாம்பாரில் கை வைத்தால் நகச்சுத்தி வந்து நான்கு நாள் தூக்கம் போகும். பாலிஷோ ஜெல்லோ போடுவதாக இருந்தால், குளித்த ஈரத்தோடு போட வேண்டாம். நகம் தண்ணீர் குடித்து உப்பியிருக்கும். காய்ந்து சுருங்கும்போது மேலே இருக்கும் படலம் விட்டுக்கொடுக்கும். ஒரு மணி நேரம் பொறுங்கள். அப்புறம், தலைக்கு எண்ணெய் வைத்த விரலோடு உட்காராதீர்கள். ரிமூவரில் நனைத்த பஞ்சால் நகத்தை ஒருமுறை துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். வேறொன்றும் செய்யாவிட்டாலும் இதுவரை செய்ததிலேயே பாதி அழகு வந்திருக்கும்.

இனி முதல் வழி, பஃபர். பேன்சி ஸ்டோரில் 100 ரூபாய்க்குள் கிடைக்கும் நாற்பக்கக் கட்டை. கரடான பக்கத்தில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக மென்மையான பக்கத்துக்கு வந்து, கடைசிப் பக்கத்தில் பளபளப்பு. நகம் மங்கலாகத் தெரியக் காரணம் அதன் மேல் இருக்கும் நுண்ணிய வரிகள். வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறுகிறது. வரிகளைச் சமன் செய்தால் வெளிச்சம் நேராகத் திரும்பி வரும், அவ்வளவுதான். பாட்டிலில் பாலிஷ் வருவதற்கு முன்பு மேல்நாட்டுப் பெண்கள் செய்ததும் இதுவே: மெல்லிய தோல் சுற்றிய பஃபரும் ஒரு பொடியும். ஜப்பானிய முறை என்று விற்கப்படும் தேன்மெழுகுப் பசை, பொடி டப்பாக்களும் இதே குடும்பம். இப்போது நுண்ணிய வரி பொறித்த கண்ணாடிப் பட்டை ஒன்று வருகிறது. அது நான்கு பக்கத்தின் வேலையையும் தனியாகச் செய்கிறது, கழுவி வைத்துக்கொள்ளலாம். நான் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன்.

மஞ்சள் சோதனையில் நான்கில் முதலிடம் இதற்குத்தான். படலம் என்று ஒன்று இல்லாததால் கறை ஏறி உட்காரவோ, உரிந்து வரவோ எதுவுமில்லை. வெறும் நகத்தில் படும் மஞ்சள் ஓரிரு கழுவலில் பெரும்பாலும் போய்விடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் பட்டால் மினுமினுப்பு குறையும், மறுபடி ஒரு நிமிடம் தேய்த்தால் வந்துவிடும். நகப்பூச்சுக்கு அனுமதி இல்லாத வேலையில் இருக்கும் நர்சுகளுக்கும் சமையல் கூடத்தில் இருப்பவர்களுக்கும் இது தொல்லையே தராது. தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும் என்பதால் பாலிஷைத் தள்ளிவைக்கும் என் தோழி பல வருடமாக இதைத்தான் செய்கிறாள். அவள் நகத்தைப் பார்த்து "என்ன ஜெல்?" என்று கேட்டவர்கள் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. நகம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உள்ள, கெரட்டின் என்ற புரதத்தால் ஆன ஒரு தகடு. பளபளப்பு ஆசையில் வாரா வாரம் கரடான பக்கத்தைப் போட்டால் தகடு தேய்ந்து, வெந்நீர் பட்டாலே சுரீரென்கும். கரடான பக்கம் மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். மென்மையான பக்கம் மட்டும் பத்து நாளுக்கு ஒருமுறை. ஏற்கெனவே உரியும் நகம், மெல்லிய நகம் என்றால் இந்த வழியே வேண்டாம். இன்னொன்று, இது நிறம் தராது. நகத்தில் திட்டோ மஞ்சளோ இருந்தால் அதையும் சேர்த்து மின்னவைக்கும்.

இரண்டாவது வழி சாதாரண பாலிஷ். என் கட்சி இதுதான் என்பதை மறைக்கப் போவதில்லை.

இங்கே நிறத் தேர்வுதான் முதல் சிக்கல். இந்த மெல்லிய நிற மோகத்துக்கு முன்னோடியாக எல்லாரும் சொல்வது எஸ்ஸி என்ற நகப்பூச்சு நிறுவனத்தின் பேலே ஸ்லிப்பர்ஸ் என்ற வெளிர் இளஞ்சிவப்பு. பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத் ராணிக்காக அவருடைய சிகையலங்காரர் 1989-ல் கடிதம் எழுதி இதைக் கேட்டு வாங்கினார் என்பது அந்த நிறுவனம் பெருமையாகச் சொல்லும் கதை. ஓ.பி.ஐ. என்ற இன்னொரு நிறுவனத்தின் பபிள் பாத் இதற்கு ஒன்றுவிட்ட தங்கை. ராணிக்குப் பொருந்தியது எனக்குப் பொருந்தவில்லை. பால் கலந்தது போன்ற வெளிர் நிறங்களில் வெள்ளை நிறமி இருக்கும். மாநிறக் கையில் அது நகத்துக்கு விபூதி பூசியது போல நிற்கும். பெட்டியில் "தோல் நிறம்" என்று போட்டிருந்தால் யாருடைய தோல் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் கைக்கு இழைவது தேநீர் பழுப்பு, ரோஜாப் பழுப்பு, பீச், கொஞ்சம் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. கடையில் பாட்டிலை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடே வந்தால் அதுதான் நமக்கு வேண்டிய ரகம். பால் போல அடைத்து நின்றால் வைத்துவிடுங்கள்.

பிடித்த நிறம் கிடைக்கவில்லையென்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பாதி தீர்ந்த நிறமற்ற பாலிஷ் பாட்டிலில் உங்களுக்குப் பிடித்த பழுப்புச் சிவப்பு பாலிஷை ஐந்தாறு சொட்டு விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலந்துகொள்ளுங்கள். குலுக்கினால் குமிழ் வரும். இரண்டுமே சாதாரண பாலிஷாக இருக்க வேண்டும், ஜெல்லோடு கலக்கக் கூடாது. நான் இப்போது பூசுவது இப்படி நானே கலந்த ஒன்றுதான்.

பூசும் முறையில் பொறுமை வேண்டும். மெல்லிய நிறத்தின் முதல் பூச்சு எப்போதும் கேவலமாகத்தான் இருக்கும்: கோடு கோடாக, திட்டுத் திட்டாக. அதைச் சரி செய்கிறேன் என்று ஈரத்தின் மேல் மறுபடி மறுபடி தூரிகையை ஓட்டினால் இன்னும் மோசம். முதலில் பேஸ் கோட், அதாவது நிறத்துக்கு அடியில் போடும் பூச்சு. நகத்தில் வரி அதிகம் இருந்தால் வரி நிரப்பும் ரகம். பிறகு நிறம், நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்றே இழுப்பு. ஐந்து நிமிடம் விட்டு இரண்டாவது பூச்சு. முதல் பூச்சின் கோடுகளை அது மூடிக்கொள்ளும். மூன்றாவது தேவையா என்பதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். தோலைத் தொடாமல் ஓரத்தில் மயிரிழை இடம் விட்டால் நாலு நாள் கூட நிற்கும்.

கண்ணாடிப் பளபளப்பு வருவது டாப் கோட்டில், அதாவது நிறத்துக்கு மேலே கடைசியாகப் போடும் நிறமற்ற பூச்சில். நிறத்தில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். தடிமனாக ஒரு சொட்டு எடுத்து, தூரிகை நகத்தில் உரசாமல் மிதக்கும்படி இழுத்து, கடைசியில் நகத்தின் நுனி விளிம்பிலும் ஒரு தடவு. சாதம் பிசையும்போது முதலில் அடி வாங்குவது அந்த விளிம்புதான். பூசிவிட்டு மின்விசிறிக்கு நேர் கீழே போய் உட்காரும் பழக்கம் எனக்கும் இருந்தது. காற்று பட்டால் மேல்தோல் முதலில் காய்ந்து உள்ளே குமிழ் நிற்கிறது, இறக்கையில் இருந்து விழும் தூசியும் ஒட்டுகிறது. தொட்டால் ஒட்டாத நிலை கால் மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் கரைப்பான் முழுதும் ஆவியாகிப் படலம் இறுகப் பல மணி நேரம் ஆகும். ராத்திரி பூசிவிட்டுப் போர்வையின் பூவேலை நகத்தில் பதிந்து எழுந்திருப்பதற்குக் காரணம் அதுதான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, பாத்திரம் கழுவி முடித்து, தூங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது பூசுங்கள்.

மஞ்சளுக்கு என்ன செய்வது? தோற்றுப்போய் ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சுற்று டாப் கோட். சாப்பிட உட்காரும் முன் நகத்தில் துளி தேங்காய் எண்ணெய் தடவினால் கறை ஏறுவது குறைகிறது. கல்யாணப் பந்தி இருக்கும் நாளில் வேறு வழியில்லை, மறுநாள் வலது கையை மட்டும் அழித்துப் பூச வேண்டும். அந்தச் சுதந்திரம்தான் சாதாரண பாலிஷின் பெரிய பலம் என்று நினைக்கிறேன். ஐந்து நகத்தை அழித்துப் பூச இருபது நிமிடம். ஓரம் பெயர்ந்தாலும் மெல்லிய நிறத்தில் சட்டென்று தெரியாது. மெரூன் ஒரு மூலையில் பெயர்ந்தால் தெருமுனையில் இருந்து தெரியும்.

மூன்றாவது, ஜெல். பளபளப்பு மட்டும்தான் கணக்கு என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை, ஜெல்லிடம் எதுவும் நிற்காது. இரண்டு வாரம் நகராத கண்ணாடி. விளக்கில் இருந்து கையை எடுத்து, மேலே இருக்கும் பிசுக்கை ஆல்கஹால் தொட்டுத் துடைத்த நொடியே வேலைக்குப் போகலாம். நானும் ஒரு பண்டிகைக்கால தள்ளுபடியில் ஆன்லைனில் கிட் வாங்கினேன். முதல் தடவை பிரமாதம். பதினைந்தாம் நாள் அடியில் நகம் வளர்ந்து இடைவெளி தெரிந்தது. பஞ்சை அசிட்டோனில் நனைத்து, நகத்தில் வைத்து, அலுமினியத் தாள் சுற்றிக் கால் மணி நேரம் உட்கார வேண்டும் என்று தெரியும்தான். ஆனால் பஸ்ஸில் போகும்போது ஒரு ஓரம் தூக்கிக்கொண்டது, கை சும்மா இருக்கவில்லை. உரித்தேன். ஜெல்லோடு சேர்ந்து நகத்தின் மேல் அடுக்கும் வந்துவிட்டது. கைவிரல் நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். அந்த வெள்ளைத் திட்டு அடியில் இருந்து நுனிக்கு நகர்ந்து வெட்டுப்பட்டுப் போக ஐந்து மாதம் ஆனது. எலுமிச்சை பிழியும் ஒவ்வொரு முறையும் அது நினைவூட்டியது.

உரித்தது என் தப்பு. ஆனால் வீட்டு ஜெல்லில் நம் ஒழுக்கத்தோடு சம்பந்தப்படாத ஒரு ஆபத்தும் இருக்கிறது, அது எனக்கு அப்போது தெரியாது. ஜெல் என்பது சாதாரண பாலிஷ் போலக் காய்கிற பொருள் இல்லை. அக்ரிலேட் வகை மூலக்கூறுகள் விளக்கின் ஒளி பட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகுகின்றன. விளக்கின் அலைநீளமோ சக்தியோ அந்த ஜெல்லுக்குப் பொருந்தாவிட்டால், வெளியே இறுகியது போலத் தெரிந்தாலும் உள்ளே கோக்கப்படாத அக்ரிலேட் மிச்சம் இருக்கும். அதுவும், ஓரத்தில் வழிந்து தோலில் படுகிற ஜெல்லும் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018-லேயே வீட்டு ஜெல் கிட்டுகளைப் பற்றி எச்சரித்தது. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பொதுவாக வாழ்நாள் முழுக்க நிற்கும். பல் அடைக்கும் பொருளிலும், மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் எலும்புச் சிமெண்டிலும் இதே குடும்பத்துப் பொருட்கள் இருப்பதால் பின்னாளில் அங்கேயும் சிக்கல் வர வாய்ப்பு உண்டு. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெமா என்ற பொருள் இருக்கும் ஜெல்லை ஐரோப்பிய ஒன்றியம் 2021-லிருந்து தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது. ஒளி பட்டு இறுகத் தூண்டும் டி.பி.ஓ. என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் முழுவதுமாகத் தடை செய்தது. ஆன்லைனில் விளக்கு ஒரு கம்பெனி, ஜெல் இன்னொரு கம்பெனி என்று மலிவாகப் பொறுக்கி வாங்குவதுதான் நம் பழக்கம். இங்கே அது வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு மஞ்சள் சோதனையிலாவது தேறுமா என்றால், ஜெல்லின் மேல்பூச்சிலும் கறை ஏறும். கூடுதல் வேடிக்கை, கறை ஏறினால் உடனே அழிக்க முடியாது. பதினைந்து நாள் மஞ்சள் கண்ணாடி.

ஆகவே கல்யாணம், நிச்சயதார்த்தம் போல ஒரு தடவைக்கு ஜெல் வேண்டும் என்றால் பயிற்சி உள்ளவர் கையில் போட்டு, அவரிடமே எடுத்துவிட்டு வாருங்கள். வீட்டில் செய்தே தீருவேன் என்பவர்கள் ஒரே நிறுவனத்தின் ஜெல்லும் விளக்குமாக வாங்குங்கள், மெல்லிய பூச்சாகப் போடுங்கள், தோலில் பட்டதை விளக்கில் காட்டும் முன்பே துடைத்துவிடுங்கள். நகத்தைச் சுற்றி அரிப்போ கொப்புளமோ வந்தால் பிராண்டு மாற்றிப் பார்க்காமல் நிறுத்துங்கள். பிரசவ தேதி நெருங்கியவர்களும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் ஜெல் பக்கமே போக வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்காக ஆஸ்பத்திரியில் நகப்பூச்சை அழிக்கச் சொல்வார்கள். பாலிஷை ஒரு நிமிடத்தில் அழிக்கலாம், ஜெல்லை அந்த அவசரத்தில் என்ன செய்வது?

ஒட்டும் நகத்துக்கு ஒரு பத்தி போதும். இருபுறமும் பசையுள்ள வில்லையால் ஒட்டி, ஒரு மாலை வரவேற்புக்குப் போய், வந்து கழற்றிவிடுவதென்றால் நல்ல ஏற்பாடு. போட்டோவில் அழகாகவே விழும். பசையால் ஒட்டி வாரக்கணக்கில் வைத்திருந்தால் அடியில் தண்ணீர் தங்கி, கிருமி சேர்ந்து நகம் பச்சை பாய்வதும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு ரசம் சாதம் பிசைந்து பாருங்கள், ஏன் ஒரு பத்தி போதும் என்கிறேன் என்பது புரியும்.

அக்காவுக்கு நான் கடைசியில் சொன்னது இது. பஃபரின் மென்மையான பக்கத்தால் ஒரு தேய், அதன் மேல் ரோஜாப் பழுப்பு இரண்டு பூச்சு, நல்ல டாப் கோட் ஒன்று. அவளுக்கு அலுவலகம் உண்டு, சமையலும் உண்டு, வாரம் ஒருமுறை அரை மணி நேரமும் உண்டு. அந்த அரை மணி நேரமும் கிடைக்காத, கைக்குழந்தையோடு இருக்கும் என் சித்தி மகளுக்குப் பஃபர் மட்டும். விடுதியில் இருந்துகொண்டு ஸ்பூனில் சாப்பிடும் அவள் தங்கைக்குப் பாலிஷ் பத்து நாள் நிற்கிறது. கொடுத்து வைத்தவள்.

அக்கா அதோடு விடவில்லை. "ஆடியில மருதாணி வெச்சது இன்னும் நகத்துல இருக்கே, அதுக்கு மேல என்ன பண்றது?" என்றாள். அரைத்த மருதாணியின் சிவப்பு தோலில் இரண்டு வாரத்தில் போய்விடும், நகத்தில் வளர்ந்து வெட்டுப்படும் வரை நிற்கும். புதிதாக வைத்த மூன்று வாரத்துக்குள் அதன் மேல் நிறமற்ற டாப் கோட் மட்டும் இரண்டு சுற்று போட்டால், ஊடே தெரியும் ஆரஞ்சுச் சிவப்பில் கண்ணாடி போல ஒரு நிறம் வரும். எந்த பிராண்டின் பாட்டிலிலும் நான் இதுவரை அதைப் பார்த்ததில்லை. மஞ்சள் கறை ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அக்காவுக்கு இப்போது ஐப்பசி. அடியில் பாதி நகம் வெள்ளையாக வளர்ந்து நிற்கும். மெல்லிய நிறம் எதுவும் அந்தக் கோட்டை மறைக்காது. பஃபரால் தேய்த்து அப்படியே விட்டுவிடச் சொன்னேன். "அப்ப அந்த மெரூன் பாட்டில் இருக்கட்டும்" என்று வைத்துவிட்டாள்.